மானிப்பாயில் ஒரு மருத்துவப் பள்ளி

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நால்வர் ஓரிடத்திற் கூடினால், அறிவியலை எம்மொழியிற் கற்பிப்பது என்னும் பேச்சு எழாமற் போவதில்லை. 2003ஆம் ஆண்டில் மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது அப்பேச்சு உரத்த குரலில் நடந்தது. 2009இல் அக்கொள்கை கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டபோதும் அவ்வாறே நடந்தது. ஒரு சாரார் தமிழின் வளத்தைப் பேசினர். மற்றொரு சாரார் ஆங்கிலத்தின் பயனைப் பேசினர். படித்து வெளிவரும் மாணவன் எங்கே போய் வாழ்வான், அவன் கல்வி யாருக்குப் பயன்படும் என்று கேட்டவர் மிகச் சிலரே.

இந்தக் கேள்வியை நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டவர் ஒருவர் உண்டு. கேட்டதோடு நில்லாமல், அதற்கு விடையாக ஐரோப்பிய மருத்துவம் முழுவதையும் தமிழிற் கற்பிக்கத் துணிந்தார். அவர் தமிழருமல்லர், தமிழ்ப் புலவருமல்லர். அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாய் என்னும் கிராமத்தில் இருந்துகொண்டு வைத்தியம் பார்த்தவர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். அறிவியல் தமிழின் முன்னோடி என்று அவரைப் போற்றுவது இன்று வழக்கமாகிவிட்டது. அது தகும். ஆயினும் அவர் முதலில் ஒரு கிராம வைத்தியர் என்பதை மறந்துவிட்டு அவருடைய கலைச்சொற்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், அவர் செய்த காரியத்தின் உட்பொருள் நமக்கு விளங்காது.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரிற் பிறந்தார். பெரிய குடும்பம், உடன்பிறந்தோர் பலர். அவர்களுள் ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன் என்பவர் நியூயார்க் மாநகரின் நடுப்பூங்காவை உருவாக்குவதில் முன்னின்றவர். சிதறிக் கிடந்த நகர்ப்பகுதிகளை 1898இல் ஒரே மாநகராக இணைத்ததிலும் பெரும் பங்கு கொண்டவர். தமையன் பெருநகரத்தை அமைத்தார். தம்பி பனங்காட்டுக் கிராமத்தைத் தேடிப் போனார். சாமுவேல் நியூயார்க் மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாஸ்டன் துறைமுகத்திற் கப்பலேறினார். அதே பாஸ்டன் நகரில், ஈதர் என்னும் மயக்கமருந்தைக் கொடுத்து நோவில்லாமல் அறுவை செய்ய முடியும் என்பதைப் பொதுவில் மெய்ப்பித்துக் காட்டி அப்போது ஆறு மாதங்களே ஆகியிருந்தன. மேனாட்டு மருத்துவம் புதிய யுகத்தில் அடியெடுத்து வைத்த வேளை அது. சென்னை வழியாக அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அக்டோபர் மாதம் ஆகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டு முதலே பணி செய்து வந்தனர். மருத்துவத் தொண்டும் புதிதன்று. ஜான் ஸ்கடர் என்பவர் பண்டத்தரிப்பில் 1820 முதல் வைத்தியம் பார்த்தார். பின்னர் 1836இல் சென்னைக்குச் சென்றார். வேலூரிற் புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேர்த்தியாவார். அவருக்குப் பின் நேதன் வார்ட் என்னும் மருத்துவர் வட்டுக்கோட்டையில் 1846 வரை பணியாற்றினார். இவ்வரிசையில் மூன்றாமவராக வந்தவர் கிறீன். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கியவர், 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். நகரத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவிலுள்ள அக்கிராமமே அவர் வாழ்க்கையின் நிலைக்களமாயிற்று.

மானிப்பாய் அந்நாளில் வெறுங் கிராமம் அன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். அங்கே மிஷனாரின் அச்சுக்கூடம் இருந்தது. தமிழாசிரியர் பலரும் அறிந்த மானிப்பாய் அகராதி, அதாவது சந்திரசேகர பண்டிதர் தொகுத்த யாழ்ப்பாண அகராதி, 1842இல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். அருகே வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரி என்னும் உயர்கல்விக்கூடம் இருந்தது. வான நூலும் கணிதமும் ஆங்கிலமும் தமிழ் இலக்கணமும் ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றப்பட்ட இடம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்களே. மருந்துப் பெட்டியோடு வந்திறங்கிய மருத்துவருக்கு அச்செழுத்தும் அகராதியும் கற்ற இளைஞரும் காத்திருந்தது போன்ற நிலை. இவை இல்லாத ஊருக்கு அவர் போயிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

மருத்துவ மரபும் அங்கே பழமையானது. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தனவாகிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்தில் ஓலைச்சுவடிகளாக வழங்கி வந்தன. பரம்பரை வைத்தியர் ஊர்தோறும் இருந்தனர். காய்ச்சலுக்கும் வயிற்று நோய்க்கும் அவரிடம் மருந்து உண்டு. கத்தி எடுத்துச் செய்யும் அறுவையும், பிள்ளைப்பேற்றிற் சிக்கல் நேர்ந்தால் தாயைக் காப்பாற்றும் முறையும் வேண்டியிருந்த இடங்களிலேதான் மக்கள் தத்தளித்தனர். கண்ணிற் புரை விழுந்தவர், கட்டி வளர்ந்தவர், பனையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவர் ஆகியோரெல்லாம் இத்தகைய மருத்துவருக்காகக் காத்திருந்தனர். பனைமரங்கள் நிறைந்த நாட்டில் விழுவோர் தொகை எப்போதும் குறைவதில்லை.

பள்ளியின் தொடக்கம்

ஒரு மருத்துவர் நாளெல்லாம் உழைத்தாலும் குடாநாடு முழுவதற்கும் வைத்தியம் பார்க்க இயலாது என்பதைக் கிறீன் வந்த சில மாதங்களிலேயே கண்டுகொண்டார். ஆதலால் 1848இல் சில இளைஞரைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி 1870இல்தான் தோன்றியது. மானிப்பாய் வகுப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முற்பட்டது. கற்பித்த இடமும் சோதனைச்சாலையும் வைத்தியசாலையும் ஒன்றே. காலையில் நோயாளரைப் பார்க்கும்போது மாணவர் உடன் நிற்பர், மருந்து கலக்குவர், கட்டுக் கட்டுவர். எஞ்சிய நேரத்தில் நூற்பாடம் நடக்கும்.

அதே 1848ஆம் ஆண்டில், சில மைல் அப்பால் வண்ணார்பண்ணையில், ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் என்பதை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது. நாவலரும் 1822இற் பிறந்தவரே. கிறீனுக்கு இரண்டு மாதம் இளையவர். ஒருவர் மிஷனைச் சேர்ந்த மருத்துவர். மற்றவர் மிஷனாரை எதிர்த்துச் சைவத்தைக் காக்கக் கச்சை கட்டியவர். கிறீன் மருந்தோடு தம் சமயத்தையும் கொடுக்க வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்ததில்லை. ஆயினும் கல்வி என்பது ஊர்மக்கள் கையில் அச்சிட்ட தமிழ் உரைநடையாகப் போய்ச் சேர வேண்டும் என்னும் ஒரு கருத்தில் இருவரும் ஒரே திசையிற் சென்றனர். நாவலர் பாலபாடம் எழுதினார். கிறீன் பிரசவ வைத்தியம் எழுதுவித்தார்.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் கற்ற மாணவர் கிடைத்ததால் அதுவே எளிதாக இருந்தது. பாடநூல்களும் ஆங்கிலத்திலேதான் இருந்தன. அம்மாணவர் திறமையாகத் தேறினர். தேறியபின் நடந்ததுதான் கிறீனைச் சிந்திக்க வைத்தது. ஆங்கிலமும் மருத்துவமும் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. மருந்தறிந்தவனுக்கு வெளியூர்களிற் கிடைத்த சம்பளத்தை யாழ்ப்பாணத்துக் கிராமத்து நோயாளர் கொடுக்கும் நெல்லும் காசும் எட்டிப்பிடிக்க முடியாது. ஊருக்காக உருவாக்கிய வைத்தியர் ஊரை விட்டுப் போயினர்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வயிறும் குடும்பமும் உள்ளவர்கள். ஆனால் ஊரில் நோய் அப்படியே இருந்தது.

தமிழ் ஏன்?

1857இல் கிறீன் உடல்நலத்துக்காகத் தாயகம் சென்றார். ஐந்தாண்டுக்குப் பின், 1862இல், மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து அவருடன் மானிப்பாய்க்குத் திரும்பினார். திரும்பியவர் ஒரு தீர்மானத்தோடு வந்தார். இனி மருத்துவம் தமிழிற் கற்பிக்கப்படும் என்பதே அது. 1864இல் தமிழ் வகுப்புத் தொடங்கிற்று.

இத்தீர்மானத்தை அவர் தமிழ்ப் பற்றினால் மட்டுமே செய்தார் என்று எழுதுவோர் உளர். அது பாதி உண்மையே. தமிழிற் பயின்றவன் தமிழ் பேசும் ஊரில் நிலைத்திருப்பான். நோயாளி சொல்வதை நோயாளியின் சொல்லாலேயே கேட்பான். மருந்தின் முறையையும் பத்தியத்தையும் அவனுக்கு விளங்க எடுத்துரைப்பான். ஆங்கிலம் அறியாத கெட்டிக்காரப் பிள்ளைக்கும் படிப்பின் கதவு திறக்கும். இவையே அவர் கண்ட காரணங்கள். பயிற்று மொழியைத் தேர்ந்தெடுப்பது, மருத்துவன் வாழப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே என்று அவர் கண்டார். இந்த ஒன்றே கிறீனின் தனிச்சிறப்பு என்பது என் கருத்து. கலைச்சொல் ஆக்கியோர் அவருக்குப் பின்னும் பலர் வந்தனர். கலைச்சொல்லை ஊரில் நோய் தீர்க்கும் கருவியாகக் கருதியோர் சிலரே.

தம் மாணவர் உடையிலும் உணவிலும் வீட்டு முறையிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்றும் அவர் விரும்பினார். கால்சட்டை அணிந்து வெள்ளைக்காரர் போல நடக்கும் வைத்தியரிடம் ஊரார் மனம்விட்டுப் பேசுவரோ? சமயம் மாறினாலும் தமிழ் வாழ்க்கை மாற வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். மிஷனார் எல்லாரும் அவ்வாறு நினைத்தனர் என்று கூற முடியாது.

மிஷன் தலைமைப் பீடத்திலும் காற்று அத்திசையில் வீசிற்று. ரூபஸ் ஆண்டர்சன் என்னும் செயலாளர் நாட்டுமொழிக் கல்வியை வற்புறுத்தியவர். அவர் தலைமையில் வந்த தூதுக்குழுவின் முடிவால் 1855இல் வட்டுக்கோட்டை செமினரியே மூடப்பட்டது. அதனால் யாழ்ப்பாணத்தார் பலர் மனம் நொந்தனர். உத்தியோகத்துக்கு வழியாக இருந்த ஆங்கிலக் கல்வியைப் பறித்துவிட்டார்கள் என்று அவர்கள் எண்ணியதில் நியாயம் உண்டு. தாய்மொழிக் கல்வி மேலிருந்து திணிக்கப்படும்போது, அதைப் பெறுவோர் அதை ஒரு பூட்டிய கதவாகவே காண்பர். கிறீனின் வகுப்பு இந்தக் கசப்பின் நடுவேதான் நடந்தது என்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

வேறிடங்களிலும் இவ்வித முயற்சி நடந்ததுண்டு. கல்கத்தாவில் 1822இல் ஆங்கிலேய அரசாங்கம் தொடங்கிய சுதேச மருத்துவப் பள்ளியில் நாட்டுமொழிகளிற் பாடம் நடந்தது. 1835இல் அதை மூடிவிட்டு, ஆங்கிலத்திற் கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியை நிறுவினர். சீனாவில் பெஞ்சமின் ஹாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1851இல் உடற்கூற்று நூலொன்றைச் சீனமொழியில் வெளியிட்டார். கிறீன் செய்தது இவற்றினும் விரிவானது. ஒரு நூல் அன்று. ஒரு மருத்துவக் கல்லூரிக்கு வேண்டிய நூல்வரிசையே தமிழில் வர வேண்டும் என்று அவர் திட்டமிட்டார்.

நூல்களும் சொற்களும்

ஆங்கில வகுப்பு நடந்த காலத்திலேயே இப்பணி தொடங்கிவிட்டது. கால்வின் கட்டர் எழுதிய உடல்நூலைத் தழுவிய 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' வெளிவந்தது. மான்செல் எழுதிய நூலின் தமிழாக்கமாகிய 'பிரசவ வைத்தியம்' 1857இல் வந்தது. முதலில் அச்சேறிய இரண்டில் ஒன்று பிள்ளைப்பேற்று நூலாக இருந்தது தற்செயலன்று என்றே நினைக்கிறேன். கிராம வைத்தியனுக்கு நடுநிசியில் அழைப்பு வருவது பெரும்பாலும் அதற்காகவே. மருத்துவிச்சி கைவிட்ட பிறகு அழைக்கப்படுபவன், என்ன செய்வதென்று தமிழில் தெரிந்திருக்க வேண்டும்.

பின்பு துரூயிட் எழுதிய அறுவை நூல் 'இரண வைத்தியம்' என 1867இல் வந்தது. கிரே முதலியோரின் உடற்கூற்று நூல்களைக் கொண்டு அமைந்த 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளியாயிற்று. கிரேயின் நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டில் அது தமிழுக்கு வந்துவிட்டது. ஹூப்பரின் நூலைத் தழுவிய 'வைத்தியாகரம்' அவ்வாண்டிலேயே வந்தது. தொள்ளாயிரம் பக்கங்களைக் கடந்த பெருநூல் அது. வேல்ஸின் வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்னும் பெயருடன் 1875இல் வெளிவந்தது. டால்டனின் உடலியங்கு நூல் 'மனுஷ சுகரணம்' என 1883இலும், வேரிங் தொகுத்த இந்திய மருந்து நூல் 'இந்து பதார்த்த சாரம்' எனக் கிறீன் இறந்த பின்னரும் வெளியாயின. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வரும்.

இவையெல்லாம் கிறீன் ஒருவர் கையால் ஆனவை அல்ல. டான்போத், சாப்மன், போல், சுவாமிநாதன் முதலிய அவருடைய மாணவரும் உதவியாளரும் பெரும்பகுதியை மொழிபெயர்த்தனர். அவர் பார்த்துத் திருத்தினார். டான்போத், சாப்மன் என்னும் பெயர்களைக் கண்டு வெள்ளையர் என்று மயங்க வேண்டா. மிஷன் விடுதிப் பள்ளிகளிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. பெயர் அமெரிக்காவினது, ஆள் யாழ்ப்பாணத்துத் தமிழர். வரலாற்றில் இவர்கள் பெயர்கள் ஆசிரியரின் நிழலிலேயே நின்றுவிட்டன. கிறீனைப் பாராட்டும் மேடைகளில் டான்போத்தையும் ஒரு முறையேனும் நினைத்துக்கொள்வது நன்று.

சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. அது கிடைக்காவிடின் வடமொழியை நாடுவது. அங்கும் பொருந்துவது இல்லையெனின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நன்னூலார் வகுத்ததை மாணவர்க்குக் கற்பிக்கும் நமக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. 'அங்காதிபாதம்' என்னும் பெயரைப் பாருங்கள். பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய வகையை அறிந்த செவிக்கு அது அந்நியமாக ஒலித்திராது. புலவன் தலைவியின் உறுப்புக்களை முறையாகப் பாடுவது போல, மருத்துவ மாணவனும் உடலின் உறுப்புக்களை முறையாக அறிகிறான். 'இரண வைத்தியம்' என்பது எந்தக் கிராமத்தவனுக்கும் விளங்கும். 'கெமிஸ்தம்' வேறு வகை. சொல் ஆங்கிலத்தது, ஈறோ தமிழினது. அம் என்னும் விகுதி பெற்றுவிட்டதால் அது கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தால் என்று வேற்றுமை உருபேற்று நடக்கிறது. இன்றைய தூய்மை நோக்கு அதை ஏற்காது. ஆனால் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியனுக்கு, நாளைக் காலைப் பாடத்துக்கு ஒரு சொல் வேண்டியிருக்கிறது. குழு கூடி முடிவு செய்யும் வரை அவனாற் காத்திருக்க முடியாது.

எல்லாச் சொற்களும் நிலைக்கவில்லை. 'உற்பாலனம்' என்றால் சுகாதாரம் என்று இன்று அகராதியைப் புரட்டினாலன்றி விளங்காது. 'சுகரணம்' என்பதும் மறைந்தது. வடசொற் பெருக்கம் நம் காதுக்குச் சுமையாகவே இருக்கிறது. ஆனால் அன்றைய தமிழ் வைத்திய நூல்களின் நடையும் அதுவே என்பதை நினைந்து தீர்ப்புக் கூற வேண்டும். 1930களில் விபுலானந்த அடிகளார் போன்றோர் சென்னையிற் கலைச்சொற்பணியில் ஈடுபட்டபோது காலம் மாறியிருந்தது. தமிழ்ச் சொல்லுக்கே முதலிடம் என்னும் உணர்வு வலுத்திருந்தது. கிறீனின் விதிகளில் முதல் விதியும் அதுதான்.

கிராமத்தில்

கிறீன் தம் பணிக்காலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றினார். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர்கள். அறுபது என்பது இன்று சிறிய எண்ணாகத் தோன்றும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோரை வெளியனுப்பும் கல்லூரிகளைக் கண்ட கண்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஒரு மூலையிலுள்ள குடாநாட்டில், ஒரே ஆசிரியர், நோயாளரையும் பார்த்துக்கொண்டு, பாடநூலையும் தாமே ஆக்கிக்கொண்டு பயிற்றிய அறுபது பேர் என்று எண்ணினால் அதன் கனம் தெரியும். யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850இல் மருத்துவமனை ஒன்று எழுந்தது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் மூலம் அதுவே. மானிப்பாயிற் பயின்றோர் அங்கும் பணியாற்றினர்.

1860களில் வாந்திபேதி குடாநாட்டில் பரவிக் கொள்ளை கொண்டபோது, ஊரூராகச் சென்று மருந்து கொடுக்கவும் தூய்மையை எடுத்துரைக்கவும் இம்மாணவர் இருந்தனர். வாந்திபேதியின் கிருமியைக் கண்டு காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவிலிருந்து உறுதியாக அறிவித்தது 1884இல்தான். அதற்கு முன் மருத்துவரிடம் திட்டமான மருந்து இல்லை. கழிவை அகற்று, நோயாளியைக் கவனி, அஞ்சி ஓடாதே என்பவற்றைச் சொல்லவும் செய்து காட்டவும் ஊரில் ஒருவன் இருந்தான் என்பதே பெரிது. அதைத் தமிழிற் சொல்லக்கூடியவனாக இருந்தான் என்பது இன்னும் பெரிது.

இதை நம் நாட்டுத் தோட்டப்புறத்தை அறிந்தோர் எளிதில் உணர்வர். ரப்பர்த் தோட்டங்களில் பெரிய டாக்டர் எப்போதேனும் வந்து போவார். நாள்தோறும் காய்ச்சலையும் வெட்டுக்காயத்தையும் பார்த்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த டிரெசரே. அவர்களுள் யாழ்ப்பாணத்தாரும் இந்தியத் தமிழரும் பலர். வந்தவர் பேசும் மொழியிலேயே நோயை விசாரித்தார்கள். சில இடங்களில் கடுமையாகப் பேசினார்கள் என்னும் மனக்குறையும் உண்டு. ஆயினும் இரவில் கதவைத் தட்டத் தக்க தூரத்தில் இருந்தவர் அவர்தாம். மருத்துவ வரலாற்று நூல்களில் இத்தகையோருக்குப் பக்கம் ஒதுக்குவாரில்லை.

குறைகள்

தமிழ் வகுப்பு ஏன் நிலைக்கவில்லை என்பதையும் ஒளிக்காமற் கூற வேண்டும். 1873இல் கிறீன் உடல்நலங் குன்றிக் குடும்பத்துடன் தாயகம் திரும்பினார். சில ஆண்டுகளில் வகுப்பு நின்றது. ஒருவரையே அச்சாணியாகக் கொண்ட வண்டி அவர் போனதும் நின்றுவிட்டது என்பது ஒரு காரணம். அதனினும் வலியது கொழும்பின் இழுப்பு. 1870இல் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியபின், பதவியும் சம்பளமும் மதிப்பும் அந்த வழியே சென்றன. தமிழிற் கற்றவன் கிராமத்தில் தங்குவான் என்று கிறீன் கணித்தது சரியே. ஆனால் வேறு கதவு இல்லாததால்தான் அவன் தங்க வேண்டும் என்றால், பெற்றோர் பிள்ளையை அங்கே அனுப்பத் தயங்குவர். கிராமத்தில் தங்குவதற்கு உரிய ஊதியத்தையும் மதிப்பையும் கொடுக்க அரசாங்கம் முன்வரவில்லை. மொழி மட்டும் அந்தச் சுமை முழுவதையும் தாங்க வேண்டியதாயிற்று, அது தாங்கவில்லை.

மற்றொரு குறை நூல்களைப் பற்றியது. 'இரண வைத்தியம்' வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே, காயத்திற் கிருமி புகாதபடி கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு தடுக்கும் முறையை லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் வெளியிட்டார். அறுவை மருத்துவம் அடியோடு மாறிற்று. தமிழ் நூல் அச்சு மை உலர்வதற்குள் பழையதாகிவிட்டது. ஆங்கில நூல்கள் பதிப்புக்குப் பதிப்புத் திருத்தம் பெற்றன. தமிழ் நூல்களைத் திருத்துவதற்கு நிலையான கழகமோ பொருளோ இல்லை. ஒரு முறை மொழிபெயர்த்துவிட்டால் அறிவியல் தமிழுக்கு வந்துவிட்டது என்று நாம் இன்றும் மகிழ்ந்துவிடுகிறோம். அறிவியல் நூல் என்பது கோவில் கட்டுவது போன்றதன்று. தோட்டம் போடுவது போன்றது. நாள்தோறும் நீர் பாய்ச்சுவார் வேண்டும்.

இதைக் கிறீன் அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. வூஸ்டரில் தம் வீட்டில் இருந்துகொண்டும் அவர் தமிழ் நூற்பணியை விடவில்லை. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் நாடு திரும்பிய பின் வெளிவந்தவை. கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் வாரக்கணக்கிற் கடல் கடந்து சென்று மீண்டன. பனி பொழியும் நாட்டில் உட்கார்ந்து ஒருவர் தமிழ் மருத்துவ நூலைத் திருத்திக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, நம் மேசையில் திருத்தாமற் கிடக்கும் கட்டுரை ஏடுகளைப் பற்றிச் சற்றே கூச்சமாக இருக்கிறது.

1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் கிறீன் காலமானார். தமிழர்க்கு மருத்துவ ஊழியம் புரிந்தவர் என்பது அவர் விருப்பப்படியே அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டது. இலங்கைக்கு என்றோ இந்தியாவுக்கு என்றோ அதிற் குறிப்பில்லை. தமிழர்க்கு என்றே இருக்கிறது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை பின்னர் எழுந்தது. பெண்களுக்கென இணுவிலில் மக்லியோட் மருத்துவமனை 1898இல் தோன்றியது. நூல்களோ சில நூலகங்களின் அடித்தட்டுக்களிற் சென்று மறைந்தன. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை எழுதியபோதுதான் தமிழுலகம் பலகாலம் மறந்திருந்த அப்பெயரை மீண்டும் கேட்டது.